யசோதினியின் துவக்கு

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவது. நானும் சித்தாண்டியிலிருந்து ஒரு பையும் மடிக்கணினியுமாக ஆரையம்பதிக்கு வந்து சேர்ந்தேன். வீடு யசோதினியுடையது, வளவு அவளுடையது, முற்றத்து மாங்காய்கூட அவளுடையது. கணினி விளையாட்டில் நான் வளர்த்த துவக்குக்காரன் மட்டும்தான் எனக்கென்று இருந்த சொத்து. அவனிலும் அவள் கை வைத்துவிட்டாள்.

யசோதினி வீட்டில் உடுப்புத் தைப்பவள். நான் விளையாடும்போது பக்கத்தில் மெசின் ஓடிக்கொண்டிருக்கும். துணியைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன், அவள் திரையைப் பார்த்திருக்கிறாள். நான் வயல் வட்டையில் வேளாண்மைக் காவலுக்குப் போன நாட்களில் தானே விளையாடிப் பழகிக்கொண்டாள்.

அது மிருகங்களை வேட்டையாடும் விளையாட்டு. அதில் வாள்காரன் மிருகத்துக்குக் கிட்டப் போய் அடி வாங்கலாம். துவக்குக்காரன் ஒரு அடி தாங்கமாட்டான், தள்ளி நின்று சுட்டால்தான் பிழைப்பான். நானோ நின்ற இடத்தில் நின்று குண்டு முடியும்வரை சுடுகிற ஆள். முடிந்து நிரப்பப் பார்த்தால் மிருகம் மூக்குக்கு முன்னால் நிற்கும். அவள் இரண்டு வெடி வைத்துவிட்டுப் பக்கவாட்டில் உருளுவாள், ஓடிக்கொண்டே குண்டு நிரப்புவாள். மிருகம் களைக்கும்வரை பெரிய குண்டைத் தொடவே மாட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் விளையாடும் எங்கள் குழுவில் ஏறாவூர் ஜிப்ரி வாள்காரன், தன்னாமுனை பிரதீஸ் வைத்தியன், நான் துவக்கு. அந்த ஞாயிறு பின்னேரம் கொம்பு மிருகத்தை விழுத்தும் போட்டி. இரண்டு தரம்தான் இறங்கலாம். முதல் தரம் நான் இருந்தேன்.

நன்றாகத்தான் சுட்டேன். மிருகம் தளர்ந்து, திரும்பிக் குகைப் பக்கம் நடந்தது. என் விரல் தானாக நின்றுவிட்டது. வட்டையில் எங்கள் பழக்கம் அது. யானை வந்தால் வெடி போடுவோம், முதுகைக் காட்டியதும் நிறுத்திவிடுவோம். போகிற யானையைச் சீண்டக் கூடாது.

“ஏன் சுடாம இருக்கீங்க?” யசோதினி கத்தினாள்.

“போகுதுதானே, போகட்டும்.”

“அது போகல்ல! காயத்த ஆத்திப்போட்டு வரப்போகுது!”

வந்தது. மூன்று பேரையும் மிதித்தது.

அவள் கத்தியது கணினி வழியாக ஜிப்ரிக்கும் கேட்டிருக்கிறது. அவன் குரல் வந்தது. “மச்சான், கோவிக்காத. மத்தத் தரம் தங்கச்சிய இருக்கச் சொல்லு.”

யசோதினி என் முகத்தைப் பார்த்தாள். “பரவால்ல, நீங்களே இருங்க” என்றாள். பாவம் பார்க்கிறாள்! கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

பின்னால் நின்று, அவளுக்குக் குறி தவற வேண்டும் என்று மனதார வேண்டினேன். பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்திருப்பேன், வெட்கம் விடவில்லை. மிருகம் களைத்தது. திரும்பி நடந்தது. அதுவரை வைத்திருந்த பெரிய குண்டை அவள் அதன் முதுகில் இறக்கினாள். விழுந்தது, எழும்பவில்லை.

ஜிப்ரி கூச்சல் போட்டான். பிரதீஸ், “அக்கா, எங்க பழகினீங்க இதெல்லாம்?” என்று கேட்டான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “எல்லாம் இவர் சொல்லித் தந்ததுதான்.”

ஒரு சொல் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் பெருமையடித்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். இதற்கு என்னவென்று சண்டை பிடிப்பது?