சுவரில் மாட்டிய பலகைகள்

காஷ்மீரில் சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டே பனிமலை ஏறி, சறுக்கி இறங்கும் பயணம். அதற்கான பலகைகள் வாங்க, எங்கள் மலைக் கிராமமான தலைச்சோலையில் வீட்டில் உட்கார்ந்து போனில் தேடிக்கொண்டிருந்தேன். முழங்காலை மடக்கி, வளைந்து வளைந்து இறங்கும் டெலிமார்க் முறைமீது எனக்குப் பைத்தியம். அதற்காகவே அகலமான, கனமான ஜோடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

காப்பிப்பழ மூட்டையோடு சரிவேறி வந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நாள் பூரா ஏறத்தானுங்க போறீங்க? எறங்குறது சித்த நேரந்தானே. லேசானதா எடுங்க."

"பனியக் கண்ணுல பாத்திருக்கியா நீ?" என்றேன். அவள் மூட்டையை இறக்கி வைத்தாள்.

காஷ்மீரில், அந்தக் கனத்தோடு ஏறத் தொடங்கிய மூன்றாவது மணி நேரத்திலேயே என் தொடைகள் பிடித்துக்கொண்டன. உச்சி இன்னும் வெகுதூரம். வழிகாட்டி என் பலகைகளைத் தன் தோளில் சுமந்து, என்னை நடத்தியே கீழே கொண்டுவந்து சேர்த்தார். ஒரு வளைவுகூட நான் சறுக்கவில்லை.

வீடு திரும்பியதும், "நல்லா எறங்குனீங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"நொம்ப நல்லா" என்றேன்.

இப்போது அந்தப் பலகைகளை முன்னறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். யார் வந்தாலும் துடைத்துக் காட்டுகிறாள். "இதுலதானுங்க எங்க ஊட்டுக்காரரு பனிமலையில இருந்து எறங்குனாரு." பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுகிறேன்.

அன்று அவள் சொன்னதுதான் சரி என்று அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.