பக்கத்துக்கு முந்நூறு ரூபாய்

என் எழுத்துக் கூலி எவ்வளவு என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் ஒன்றும் தம்பட்டம் அடிக்கவில்லை. மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் செல்போனுக்கு டவர் கிடைப்பது ஒரே இடத்தில்தான். ஜீப் நிற்கிற திருப்பத்தில், சிறுபாலத்துச் சுவரின் மேல் ஏறி நிற்க வேண்டும். யாரோடு என்ன பேசினாலும் ஜீப்புக்குக் காத்திருப்பவர்கள் முன்னால்தான் பேச வேண்டும். அவர்களும் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற ரகம் இல்லை. பேசி முடித்ததும், "இன்னா சொன்னாரு?" என்று கேட்பார்கள்.

பேச்சு பெரும்பாலும் சென்னையில் இருக்கும் ஒரு பதிப்பாசிரியரோடு. சிறுவர் புத்தகங்கள் போடுகிற சின்னப் பதிப்பகம் அவருடையது. நான் வீட்டில் இருந்தபடியே கதை எழுதி அனுப்புவேன். பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய் என்று முதல் நாள் அவர் சொன்னார், நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் நாலு வருஷம் ஓடியது. மனிதர் தங்கமானவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னால், மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். "உன் எழுத்துல ஒரு ஈரம் இருக்கும்மா" என்பார். அந்த ஈரத்தில் ஒரு கத்தரிச் செடிகூட முளைக்காது அண்ணா என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். ஆனால் அண்ணா என்று கூப்பிட்ட வாயால் கூலியை எப்படிக் கேட்பது?

இத்தனைக்கும் நான் வாயில்லாப் பூச்சி இல்லை. சந்தையில் ஒரு கொத்தமல்லிக் கட்டுக்காக மல்லுக்கு நிற்கிறவள். என் கணவரைக் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார், அதுவும் இலவசமாக.

போன ஆடியில் வேலூரிலிருந்து ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். விளம்பர நிறுவனம், மாதச் சம்பளம். ஆனால் அங்கேயே விடுதியில் தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்கு வரலாம். மகள் நாலாவது படிக்கிறாள். எழுத்து வருமானம் இரண்டு மடங்கானால் நான் போக வேண்டியதில்லை, இல்லையென்றால் போயே தீர வேண்டும். வீட்டு நிலைமை அப்படி. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். "உன் இஷ்டம்" என்றார் கணவர். இந்த "உன் இஷ்டம்" இருக்கிறதே, அதற்கு இரண்டு திட்டு திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.

கணவரின் அக்கா, என் நாத்தனார், பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். வேலூரைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போனால் போகட்டும் என்று நினைக்கிறார் போல என்று எனக்கு மனசு சுருங்கிப்போனது. கூலி கேட்பதற்கு மட்டும் வழி சொன்னார். "வெலைய சொல்லு. சொல்ட்டு கம்முனு இரு. மொதல்ல வாயத் தொறக்கறவதான் தோத்தவ." செங்கத்திலிருந்து புளி வியாபாரி வந்தால் அவர் செய்வது அதைத்தான். விலையைச் சொல்லிவிட்டு முறத்தில் சாமை புடைக்க ஆரம்பித்துவிடுவார். வியாபாரி கெஞ்சுவார், கோபிப்பார், வண்டியை ஸ்டார்ட் செய்வார், திரும்பி வருவார். முறம் நிற்காது.

சனிக்கிழமை காலை நான் சுவர்மேல் ஏறினேன். கீழே ஜீப்பில் பாதி ஆள் ஏறியிருந்தது. பலாப்பழத்தோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். நாத்தனாரும் வந்து நின்றார், மாட்டைத் தேடி வந்தாராம்.

"சொல்லு தங்கச்சி, மலையில மழையா? பாப்பா எப்படி இருக்கா?" என்றார் பதிப்பாசிரியர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"அண்ணா, இனிமே பக்கத்துக்கு முந்நூறு ரூபா வேணும்ணா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நாத்தனார் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நானா கேட்பேன்?

"இல்லண்ணா, கஷ்டம்னா இருநூத்தம்பது..."

அப்போதும் சத்தம் இல்லை. ஐயோ, மனிதர் மனசு புண்பட்டுவிட்டதே என்று எனக்கு வேர்த்துவிட்டது. "இருநூறுகூடப் போதும்ணா. கோச்சுக்காதீங்க. சரி, பழைய ரேட்டே இருக்கட்டும்ணா. என்னண்ணா?"

"அக்கா, போன காதுலேர்ந்து எடுத்துப் பாருங்க" என்றார் ஜீப் டிரைவர்.

பார்த்தேன். டவர் போய் எவ்வளவு நேரமாயிற்றோ தெரியவில்லை.

சிரிப்பில் ஜீப்பே குலுங்கியது. "யார்கிட்டக்கா இம்மா நேரம் பேரம் பேசின? மலகிட்டயா?" என்று பலாப்பழக்காரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! நீயே கேட்டு நீயே கொறச்சிக்கினா, வாங்கறவன் எதுக்குடி?"

எந்த ரூபாயில் கட் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. "இருங்க, தெரிஞ்சிக்கினு போலாம்" என்றார். ஒருவரும் அவசரம் என்று சொல்லவில்லை. எனக்காக ஒரு ஜீப்பே நிற்கிறது என்று நினைத்தபோது அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போன் அடித்தது. "முந்நூறுன்னு சொன்ன, அதோட கட் ஆயிடுச்சும்மா. சரி, அடுத்த புத்தகத்துலேர்ந்து போட்டுடறேன்."

"சரியாண்ணா?"

"மத்தவங்களுக்கெல்லாம் அதான்மா குடுக்கறேன். நீ கேக்கவே இல்லியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாசம் பொய்யும் இல்லை, அதுதான் இன்னும் எரிந்தது. "கேக்காம குடுத்திருந்தாலும் நான் தங்கச்சிதாண்ணா" என்றேன்.

மறுபடியும் சத்தம் இல்லை. போனைப் பார்த்தேன், டவர் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரே பேசினார். "தப்புதாம்மா. இந்தப் புத்தகத்துலேர்ந்தே போட்டுடறேன்."

கீழே இறங்கிச் சொன்னதும் பெரிய பஞ்சாயத்து. "ஒடனே ஒத்துக்கினாரா? அப்ப ஐந்நூறு கேட்டிருக்கணும்" என்றார் டிரைவர். பலாப்பழக்காரியும் ஆமாம் போட்டாள். பேசிக்கொண்டே ஏறிப் போய்விட்டார்கள். திருப்பத்தில் நானும் நாத்தனாரும்தான் மிஞ்சினோம்.

"அப்ப வேலூருக்குப் போவ மாட்ட இல்ல?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"போவல அண்ணி."

"இத்த மொதல்ல சொல்ட்டு எறங்கறதுக்கு இன்னாடி? ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல" என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தார்.