பச்சை டிக்கும் பௌர்ணமி வேனும்

செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் மாடிதான் எங்கள் ஆபீஸ். அன்று காலை திரையில் பச்சை டிக் விழுந்ததும் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். நாம் எழுதிய நிரலை ஓட்டாமலேயே வரிவரியாகப் படித்துத் தப்பு பிடிக்கும் டூல் போட்ட டிக் அது. முந்தின நாள் நாற்பது இடத்தில் என் மானத்தை வாங்கியிருந்தது. இன்று ஒரு குறையும் இல்லை என்றுவிட்டது!

கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்காக, கீழ்பென்னாத்தூர் வேன்காரர்கள் கேட்டு நான் எழுதிய வேன் முன்பதிவு ஆப்பைத்தான் டூல் படித்திருந்தது. ஆப் வெளிவருமுன்பே, வரும் பௌர்ணமிக்கு முதல் ஆளாக இடம் சொல்லிவைத்தது என் அம்மா. "எம்புள்ள செஞ்சது" என்று தெருவெல்லாம் சொல்லி, ஒரு வேன் நிறையப் பெண்களைச் சேர்த்திருந்தாள்.

மதியம் வெளியிட வேண்டும். அதற்குமுன் இன்னொருவர் படித்து ஒப்புதல் தரவேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். பக்கத்து நாற்காலித் தோழியிடம் நீட்டினேன். அடி அண்ணாமலை ஊர்க்காரி, கிரிவலப் பாதையிலேயே அவள் வீட்டு டீக்கடை.

"டூலே ஓகே சொல்லிடுச்சு. நீ சும்மா தட்டி விடு."

அவள் முறுக்கைக் கடித்தபடி நிதானமாகப் படித்தாள். எனக்கு எரிச்சல் ஏறியது.

"ஏம்பா, பௌர்ணமி எப்ப முடியுது?"

"நைட்டு பன்னெண்டுக்கு. தேதி மாறிடும்ல?"

"யாருக்கு மாறும்? எங்க கடைல விடியக்காலைலதான் கூட்டம் ஜாஸ்தி."

சுர்ரென்று கோபம் வந்தது. அடுத்த நொடி சுவர்க் காலண்டரைப் புரட்டினேன். தினசரிக் காலண்டரில் பௌர்ணமி என்று போட்ட தாளின் தேதியை மட்டும் எடுத்திருந்தேன். 'மறுநாள் வரை' என்று அதே தாளில் பொடி எழுத்தில் இருந்ததை விட்டுவிட்டேன். இரவு பன்னிரண்டு அடித்ததும், ஊர் திரும்புவதற்கான வேன்களை என் நிரல் ரத்து செய்திருக்கும். அம்மாவும் அத்தனை பெண்களும் கால் வீங்கி ரோட்டில் நின்றிருப்பார்கள். பத்து வயதிலிருந்து மலை சுற்றுகிறவன் நான்! ஒரு தடவைகூடப் பன்னிரண்டுக்குள் சுற்றி முடித்ததில்லை.

திதி தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் வேன்காரர்களே போடும்படி மாற்றினேன். அவளும் படித்துவிட்டு "சூப்பர்" என்றாள். டூலை ஓட்டினால், சிவப்பு! முடியும் நேரத்தை யாராவது காலியாக விட்டால் ஆப் அப்படியே நின்றுவிடுமாம்.

"அய்யய்யோ, இத நான் பாக்கவே இல்லியே!"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் பார்க்காததை அது பார்க்கிறது. அதற்குத் தெரியவே தெரியாததை அவள் கேட்கிறாள். இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அதையும் சரிசெய்து, சொன்ன நேரத்துக்கு வெளியிட்டோம். அம்மா காதுக்கு மட்டும் இது போகக்கூடாது என்று அவளிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை அம்மா போன் செய்தாள்.

"வேன் வந்துடுச்சுடா, ஏறிட்டோம். வழியில ஒன் ஆபீஸ் பொண்ணு கடைலதான் டீ குடிச்சோம். ஏண்டா, எங்கள நடுரோட்டுல உட்டுட இருந்தியாமே?"