கல்லின் தெற்கு முகம்

இந்நாட்டில் எல்லைக்கல்லைப் பார்ப்பதற்காக மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உணவு கட்டிக்கொண்டு போகிறார்கள். கல்லைக் கண்டதும் அதன் தலையில் கைவைத்துச் சிரித்தபடி படம் பிடித்துக்கொள்கிறார்கள். மொன்ட்ரியாலுக்கு வந்து மூன்று ஆண்டுகளாகியும் எனக்குப் பழகாதவை பல. அவற்றுள் என்னைச் சினங்கொள்ள வைத்தது இதுவே. என்னை அங்கே அழைத்துச் சென்றவர் வெங்கடேசன். சென்னைக்காரர், பொறியியலாளர், கர்க்லாண்டில் சொந்த வீடும் கனடியக் கடவுச்சீட்டும் உடையவர். கனடாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் பழைய கற்களைத் தேடிப் படமெடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. நானோ ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி அடுக்குபவன். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவன். ஊரில் நான் நில அளவையாளனாக இருந்தவன் என்பதைச் சந்தையில் அறிந்த நாள்முதல் அவர் என்னை விடவில்லை. “மேப்ல இருக்கு சார், காட்டுல காணோம். நீங்க வந்தா கண்டுபிடிச்சிடலாம்,” என்றார்.

கண்டுபிடித்தேன். இரு நாடுகளுக்கும் இடையே மரங்களை வெட்டி விட்டிருந்த நெடிய வெளியின் நடுவில், புதர்களுக்குள், மார்பளவு உயரத்தில் பாசி படர்ந்து நின்றது அந்தக் கல். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நட்ட கதியால் கம்பு நான்கு விரற்கடை நகர்ந்ததற்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றம் ஏறுவார்கள். அத்தகைய காணிகளில் தொழில் பயின்ற எங்களுக்கு ஒரு முறை உண்டு: நான்கு முகங்களையும் கண்ணால் காணாமல் எந்தக் கல்லையும் குறிப்பேட்டில் ஏற்றக்கூடாது. கை பாசியைத் துடைத்தது. கால் தானாகவே சுற்றி நடந்தது. வடக்கு, மேற்கு, தெற்கு. இடையில் வெங்கடேசனின் கமரா ஒலி கேட்டது. தெற்கு முகத்தில் அமெரிக்காவின் பெயரைப் படித்தபோதுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது.

“விசா இல்லாம அமெரிக்கா போயிட்டு வந்துட்டீங்களே சார்,” என்று வெங்கடேசன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

நான் இப்பக்கம் பாய்ந்து வந்த அதே வேளையில், கனடிய வயலிலிருந்து ஓர் உழவர் டிராக்டரில் வந்து நின்றார். “போன்ஜூர்,” என்றார். சட்டைக்குள் நான் எப்போதும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை உருவி, ஆவணங்கள் அனைத்தையும் அவரிடம் நீட்டினேன். சோதனைச் சாவடிகளில் பழகிய கை, கேட்கும்வரை காத்திராது. அவர் தாள்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நோன், மெர்சி,” வேண்டாம், நன்றி என்று கனிவாகக் கையசைத்துவிட்டுப் போனார்.

“மதம் மாத்த வந்தவன்னு நெனச்சுட்டான் சார்,” என்றார் வெங்கடேசன்.

அவருக்கு அன்று எல்லாமே சிரிப்பாக இருந்தது. எனக்கு நினைவில் எழுந்தவை ஊரில் நான் நட்ட வேறு கற்கள். அவற்றை நட்டபோது இருபக்கக் காணிக்காரரையும் அழைத்து நிறுத்திக் கையொப்பம் வாங்கினேன். பின்னர் போர்க்காலத்தில் அவற்றைப் பிடுங்கிப் பதுங்குகுழிகளுக்கு அடுக்கியவர்கள் எவரிடமும் கேட்கவில்லை. ஒரு தரப்பு மட்டுமே பிடுங்கியது என்று எழுதினால் அது பொய்யான வரைபடமாகும். ஆகவே இரு தரப்பும் பிடுங்கின என்றே எழுதுகிறேன்.

தைப்பொங்கல் விழாவில் வெங்கடேசன் தம் படங்களை மண்டபச் சுவரில் காட்சிக்கு வைத்தார். நடுவில் பெரிதாக நான். கீழே, ‘விசா இல்லாத பயணம்’ என்றிருந்தது. பொங்கல் தட்டுகளை ஏந்தியவாறு எல்லாரும் சிரித்தனர்.

“இதைக் கழட்டுங்கோ,” என்றேன்.

“என்ன சார், தமாஷுக்குத்தானே? எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க.”

“என்ர வழக்கு இன்னும் முடியேல்லை.”

“ரெண்டடி தள்ளி நின்னதுக்கு யார் சார் கேஸ் போடுவாங்க?”

அவர்மீது யாரும் போடமாட்டார்கள். அந்த உறுதியைத்தான் அவர் எனக்கும் தாராளமாக வழங்கினார். படத்தை நானே இழுத்துக் கழற்றினேன். “பாத்து சார், சுவத்துல பெயிண்ட் உரியுது,” என்றார்.

மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் வீட்டு மேசையில், வழக்கறிஞருக்கு அனுப்பவேண்டிய படிவம் கிடந்தது. கனடாவுக்கு வந்தபின் நாட்டைவிட்டு வெளியே சென்றீரா என்பது அதிலுள்ள வினாக்களில் ஒன்று.

“இல்லை எண்டு எழுதுங்கோப்பா. ஆர் பாத்தது?” என்றாள் மனைவி ஜெசிந்தா.

“மண்டபத்தில எல்லாரும் பாத்தவை.”

“அவை வந்து சாட்சி சொல்லப்போகினமே? எங்களைத் திருப்பி அனுப்பினா இந்தப் பிள்ளையளோட எங்க போறது? உங்கட நேர்மையை வச்சுக் கஞ்சி காய்ச்சவே?”

அவள் கேட்டதில் பிழையில்லை. ஆயினும், பொய்யான வரைபடம் ஒன்றிலும் நான் கையொப்பமிட்டவன் அல்லன். ‘ஆம்’ என்று எழுதினேன். விளக்கத்துக்கு விட்டிருந்த இடத்தில், ‘நான்கடி, கல்லின் தெற்கு முகத்தைப் பார்ப்பதற்காக’ என்று எழுதினேன். ஜெசிந்தா அதைப் படித்துவிட்டு எழுந்து போனாள். வழக்கறிஞரிடமிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை.

மண்டபத்தில் கழற்றி எடுத்துவந்த அந்தப் படத்தையும் படிவத்தோடு இணைத்தேன். எல்லை எங்கே ஓடுகிறது என்று காட்டவேண்டுமல்லவா? அளவுகோலை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். அது தொலைவில் மரங்களுக்கிடையே உள்ள வெளியின் நடுவில் தொடங்கி, கல்லின் உச்சியைத் தொட்டு, அதன் மேற்கு முகத்தை நோக்கிக் குனிந்திருக்கும் என் பிடரியில் இறங்கி, முதுகெலும்பின் வழியே வந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே மண்ணில் முடிந்தது. தொழில் முறைப்படி மறுமுறையும் அளந்தேன். கோட்டில் பிழையில்லை.