அம்பாசிடர் மோட்டார் சைக்கிள்

புதுச்சேரியின் சாரம் பகுதியில் எங்கள் வாசலில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, மாமாவின் கூட்டாளி வெல்டர் அண்ணன். இல்லாதவர் அப்பா. இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் சபரிமலைப் பேருந்தில் போய்விட்டிருந்தார். பேருந்து விருத்தாசலத்தைத் தாண்டியிருக்கும், அதற்குள் எங்கள் வீட்டில் இன்னொன்றும் இல்லாமல் போயிற்று. அப்பாவின் வெள்ளை அம்பாசிடர் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் எஞ்சின் மட்டும் வெளியே வந்து, வேப்பமரக் கிளையில் மாட்டிய சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கார்தான் எங்களுக்குச் சோறு. பிரெஞ்சுக்காரத் தெருக்களில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த உருண்டை மூக்கு வண்டி என்றால் உயிர். வரிசையில் நான்கு புது ஏசி கார்கள் நின்றாலும் அவற்றை விட்டுவிட்டு இதில் வந்து ஏறுவார்கள். பொங்கல் முடிந்ததும் அவர்கள் கூட்டம் கூட்டமாக வரும் காலம். விடுதிக்காரர்கள் அப்பாவிடம் முன்கூட்டியே நாள் சொல்லி வைத்திருந்தார்கள். மலைக்குப் போய் வந்த மறுநாளே முதல் சவாரி.

மாமாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கையில் ஒரு போன் வந்து சேர்ந்திருந்தது. அதில் வெளிநாட்டு மெக்கானிக்குகள் சிலர் மோட்டார் சைக்கிளின் வயிற்றில் கார் எஞ்சினை வைத்து ஓட்டுவதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எட்டு சிலிண்டர் எஞ்சின் மேல் ஒரு மனிதன் தவளை மாதிரி குந்தியிருப்பான். அவன் ஆக்சிலேட்டரைத் திருகினால் போனே அதிரும். கீழே ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று என்னைத்தான் வாசிக்கச் சொல்வார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசித்த முதல் ஆள் ஐந்தாம் வகுப்பு படித்த நான். பாதி புரியாது. "சூப்பரா இருக்குன்னு போட்டுருக்காங்க மாமா" என்று பொதுவாகச் சொல்லிவைப்பேன்.

காணும் பொங்கல் அன்று ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில், சொந்தமாகக் கட்டிய வண்டிகளுக்குக் கண்காட்சி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். மாமா வருடக் கணக்கில் இரும்பு சேர்த்துச் சட்டம் கட்டிவிட்டார். பின்னால் கார் டயர், ஏதோ ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து கழற்றிய பல்சக்கரப் பெட்டி, எருமைக் கொம்பு போல ஒரு ஹாண்டில். எஞ்சின் வாங்கத்தான் வழியில்லை. "ஒரு வாரந்தான்க்கா. கண்காட்சி முடிஞ்ச அன்னிக்கே திருப்பி மாட்டிடுவேன். மாமா மலையிலேர்ந்து வந்து பாக்கும்போது நட்டு கூட எடம் மாறியிருக்காது" என்றார் அம்மாவிடம். அம்மா சாமி அலமாரியிலிருந்து கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்ல வேண்டும். மாலை போடும் இரண்டு மாதம் தவிர அப்பா வேறு மனிதர். கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். முந்தின வருடம் மாமா காரைப் பின்னால் எடுக்கும்போது பம்பரைச் சுவரில் இடித்ததற்கு, சட்டையைப் பிடித்துத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போனார். இன்னொரு தடவை என் வண்டியில் கை வைத்தால் இந்தத் தெருவில் அவன் கால் படக்கூடாது, பட்டால் உன்னையும் அவனோடு அனுப்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னார். சொன்னால் செய்கிறவர். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். ஆடி வரை அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த மாதங்களில் அம்மா சிரித்து நான் பார்த்த ஞாபகமில்லை.

வேலை இரவு பகலாக நடந்தது. எஞ்சினை நீளவாட்டில் உட்கார வைத்தார்கள். அதன் மேல் மாமா ஏறிக் காலை அகட்டினால் இரண்டு பக்கமும் தரை எட்டவில்லை. நிறுத்தும்போது மட்டும் இறக்கிக்கொள்ள, வெல்டர் அண்ணன் பக்கத்துக்கு ஒன்றாகக் கம்பி முட்டுக் கொடுத்தார். எல்லாம் பொருந்திய பிறகு ஒன்று மட்டும் உறுத்தியது. எஞ்சினுக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கும், அதன் பின்னால் விசிறி சுற்றும். அந்த விசிறியோடு பார்த்தால் வண்டி மாவு மெஷின் மாதிரி இருப்பதாக மாமாவுக்குத் தோன்றிவிட்டது. போனில் பார்த்த எந்த வண்டியிலும் விசிறி வெளியே தெரியவில்லை. கழற்றி வைத்துவிட்டார். வெல்டர் அண்ணன் லேசாக இழுத்தார்.

"சூடாயிடாதா தலைவா?"

"ஓடுற வண்டிதானே. காத்து அடிச்சா தானா ஆறிடும்."

சூட்டைக் காட்டும் முள் காரின் டேஷ்போர்டிலேயே இருந்தது. அதைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை.

காணும் பொங்கல் அன்று வண்டியைச் சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அம்மா வரவில்லை. கல்லூரி மைதானத்தில் மாணவர்கள் கட்டிய சூரியசக்தி சைக்கிள்கள், ரேஸ் கார்கள் எல்லாம் நின்றன. மாமா எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். டீசல் எஞ்சின் ஒரு தரம் உறுமிச் சட்டத்தையே உலுக்கியது. அவ்வளவுதான், எல்லா இடத்திலிருந்தும் கூட்டம் எங்களிடம் ஓடி வந்தது.

அங்கேதான் தப்பு நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் செல்ஃபி கேட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் ஏறி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவன் எல்லாம் "அண்ணா, ஒரு ரெய்ஸ் குடுங்கண்ணா" என்றான். மாமா கொடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடி போட்ட பேராசிரியர் ஒருவர் அவருக்குக் கைகொடுத்து, எந்தக் கல்லூரி என்று கேட்டார். மாமா கையை வேட்டியில் துடைத்துவிட்டு, சாரம் என்றார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. காற்று அடிக்கவே இல்லை.

ஓட்டிக் காட்டும் நேரம் வந்தது. மைதானத்தை மூன்று சுற்று. முதல் சுற்றில் கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டாவது சுற்றில் ரேடியேட்டர் மூடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அது வண்டியின் வித்தைகளில் ஒன்று என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். வெல்டர் அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடினார். மாமாவுக்கு அது உற்சாகமாகப் பட்டிருக்க வேண்டும், இன்னும் திருகினார். மூன்றாவது சுற்றின் வளைவில் எஞ்சினுக்குள்ளிருந்து இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம் ஒன்று வந்தது. பின்சக்கரம் அப்படியே இறுகிக்கொண்டது. வண்டி மண்ணை உழுதுகொண்டு போய்ப் பக்கவாட்டில் சாய்ந்தது. மாமா எகிறிக் குதித்துத் தப்பித்தார். எழுந்து வந்தவர் தன் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்க்கவில்லை. எஞ்சினின் மேல் கையை வைத்தார், சுட்டது, எடுத்துக்கொண்டார். மறுபடியும் வைத்தார்.

"எஞ்சின் இறுகிப் புடிச்சிக்கிச்சி" என்றார் வெல்டர் அண்ணனிடம்.

மறுநாள் காலையில் அப்பா வந்துவிடுவார்.

அந்த ராத்திரி முழுக்க அம்மா உட்கார்ந்தே இருந்தாள். கார் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை. வாசலிலேயே நிற்கும் காரை எங்கே ஒளிப்பது? கடைசியில் எஞ்சினைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கொல்லைப்புறத்தில் வைத்தார்கள். அப்பா வந்ததும் குளிக்க அனுப்பி, சாப்பிட வைத்து, மாலை கழற்றும் முன்பே மெதுவாக அம்மா விஷயத்தைச் சொல்வது என்று முடிவாயிற்று. மாலை கழுத்தில் இருக்கும் வரை அவர் கோபப்படக் கூடாது, கடுஞ்சொல் சொல்லக் கூடாது, ஆண்பிள்ளை எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்தத் துளசிமணிதான்.

அப்பா வந்தார். வாசலில் தேங்காய் உடைத்தார். உள்ளே வாங்க என்று அம்மா அழைத்த குரலே சரியில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. மலையிலிருந்து வந்தால் முதல் விபூதி எஞ்சினுக்குத்தான் என்பது அவர் வழக்கம். எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே போய் பானெட்டைத் தூக்கினார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. உள்ளே அறுந்த குழாய்களும் வயர்களும், அவற்றுக்கு நடுவே தரையும் தெரிந்தன. அப்பா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். விபூதி அவர் விரல் இடுக்கில் கொட்டிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைப்பதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். மாமா கொல்லையிலிருந்து வந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"சாமி" என்றார் அப்பா மாமாவைப் பார்த்து. ரொம்ப மெதுவாக. "எஞ்சின் எங்க சாமி?"

மாமா எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும் வரை அப்பா பானெட்டை இறக்கவே இல்லை. அப்புறம் இறக்கினார். போய்க் கிணற்றடியில் குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம், மலைக்கு அழைத்துப் போன குருசாமி வீட்டில் எல்லோருக்கும் மாலை கழற்றும் சடங்கு. ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டினார்கள். அப்பாவின் முறை வரும்போது அம்மா என் தோளை அழுத்திய அழுத்தம் வலித்தது. மாமா வெளியே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"கழுத்த நீட்டு சாமி" என்றார் குருசாமி.

அப்பா மாலையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். "எனக்கு இன்னும் முடியல சாமி. கொஞ்ச நாள் கெடக்கட்டும்."

அப்படி யாரும் கேட்டதில்லை. குருசாமி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகான நாட்கள் இப்படித்தான் போயின. கொல்லையில் மாமாவும் வெல்டர் அண்ணனும் எஞ்சினைப் பிரித்துப் போட்டார்கள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருந்தது, பிஸ்டன்கள் உரசிப் போயிருந்தன. எதிரே பலகை போட்டு, செருப்பில்லாமல், தாடியோடு அப்பா உட்கார்ந்திருப்பார். மாமாவின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழும். அப்பா எழுந்திருப்பார். அவர் கிணற்றடிக்குப் போய் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வந்து மறுபடி உட்காருவார். துருப்பிடித்த போல்ட் ஒன்று எஞ்சினுக்குள்ளேயே ஒடிந்து நின்ற அன்று மூன்று தரம் குளித்தார். விடுதியிலிருந்து போன் வந்தால், வண்டி வராது சாமி என்று மட்டும் சொல்வார். சவாரியெல்லாம் ஸ்டாண்டில் இருந்த இன்னொரு டிரைவருக்குப் போயிற்று. அவர் ஒருநாள் வேலை மெனக்கெட்டு எங்கள் தெருவுக்கே வந்தார்.

"என்ன சாமி, நீ மட்டுந்தான் மலைக்குப் போறன்னு பாத்தா, எஞ்சினுக்கும் இருமுடி கட்டி அனுப்பிச்சிட்டியா?"

அப்பாவின் உதடு சரணம் சொன்னது. விரல்கள் மணியைப் பிடித்திருந்த பிடியில் நூல் அறுந்துவிடும் என்று பயந்தேன். அது அறுந்தால் மாமா போய்விடுவார், அம்மாவும் போய்விடுவாள். தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் அப்பாவின் கழுத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

தை முடியும் தறுவாயில் எஞ்சின் காரில் ஏறியது. அப்பா சாவியைத் திருகினார். நீலப் புகை கக்கி, இருமி, பிறகு சீராக ஓடியது. மாமா குந்தி உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அப்பா எஞ்சினுக்கு விபூதி வைத்தார். நேராக குருசாமி வீட்டுக்குப் போய் மாலையைக் கழற்றிவிட்டு, சலூனில் சவரம் செய்துகொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார். வெறுங்கழுத்தோடு அவர் வாசலில் நுழைந்தபோது மாமா சுவரோரம் எழுந்து நின்றார். ஓடவில்லை. அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள்.

அப்பா மாமாவின் முன்னால் வந்து நின்றார்.

"மச்சான், கை கழுவிட்டு வா. கொழம்பு ஆறுது."

என் அப்பாவைப் போல பக்தி உள்ளவர் புதுச்சேரியிலேயே கிடையாது என்று நான் வகுப்பில் சொல்லித் திரிந்தேன். அந்தக் கழுத்தைத் தினமும் பார்த்துப் பயந்தவன் நான் மட்டுமில்லை, தன் கைக்கே பயந்த அந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரரும்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கூட்டல் கழித்தல். பிஸ்டன், ஹெட், லேத்துக் கூலி, ஓடாத நாட்களின் சவாரி எல்லாம் கூட்டி, மோட்டார் சைக்கிள் சட்டத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டதில் வந்ததைக் கழித்தால், மொத்த நஷ்டம் நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.