முதல் பக்கத்தில் எழுதிய பெயர்

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டி வாடகை நூலகத்துக்கு மாதம் பிறந்தால் துப்பறியும் நாவல் ஒன்று வரும். கதை புதிது, துப்பறிவாளர் மட்டும் எப்போதும் அதே ஆள். முதலில் வாங்கிப் படிப்பவன் நான்தான். முடித்ததும் கொலைகாரன் பெயரை முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அடுத்துப் படிப்பவர் முகம் போகும் போக்கை நினைத்து ஒரு அற்ப சந்தோஷம்.

எனக்கு அடுத்து வாங்குபவர் சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சர். ஒருநாள் ஒன்றும் தெரியாதவன்போல, "யாருன்னு எழுதிடறாங்களே, எப்படிங்க படிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுங்க. நான்தான் படிச்சுக் காட்டறேன். அவரு ஒவ்வொருத்தரா சந்தேகப்படுவாரு. எனக்கும் தெரியாத மாதிரியே கடைசி வரைக்கும் படிப்பேன்" என்றவர், "எனக்கும் தெரியாமப் படிக்க ஆசைதாங்க" என்றார்.

அடுத்த மாதம் நான் எழுதவில்லை. கடைவீதியில் எதிரே வந்த டீச்சர் சிரித்தார். "இந்தத் தடவை ரெண்டு பேருமே தப்பாச் சொன்னோமுங்க. பேரை எழுதி வெக்கறவரு ஊரை விட்டுப் போயிட்டாரு போல."

"போயிட்டாருங்க" என்றேன்.

கதையில் வரும் கொலைகாரன்கூடக் கடைசிப் பக்கத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறான். எனக்குத்தான் வாய் வரவில்லை.