ஏவுமேடையைப் பிடித்திருந்தவர்

உடைந்த இரும்பு முக்காலி, நடுவில் ஒரு கம்பி, நெருப்பைத் தாங்க ஒரு தகரம். என் முதல் ராக்கெட் ஏவுமேடை தயார்! மலைமேல் அரியூர் நாட்டில், மரவள்ளி பிடுங்கிய நிலத்தில் அதை நிறுத்தினேன். நிலத்துக்காரர் ஓர் அக்கா. ஒல்லியான உடம்பு, மிளகுக் கறை படிந்த கை. தலை நிமிராமல் வந்தவர், குனிந்து முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

“நெருப்பு வருங்க்கா, தள்ளி நில்லுங்க!”

“அடியில ஆள் வேணும் கண்ணு. மொளகு பறிக்க எங்க ஊட்டுக்காரரு மரமேறுனப்ப நான்தான் ஏணியப் புடிச்சிருந்தேன். ஒரு நொடி கைய எடுத்தேன். போயிட்டாரு.”

மேடையைச் சுற்றி நான் கல் அடுக்கி, ஆட்டிக் காட்டிய பிறகே அவர் வரப்புக்கு வந்தார்.

சுவிட்சை அழுத்தினேன். சீறிக்கொண்டு போனது! அண்ணாந்து கத்தினேன். திரும்பினால் பக்கத்தில் அவர் இல்லை. புகையும் மேடையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எறங்கிடுச்சா சாமி?”

“பாராசூட் விரிஞ்சிருச்சுங்க்கா, பாருங்க!”

அவர் பார்க்கவில்லை. ராக்கெட்டை ஓடிப்போய் எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். ஒரு கையால் அந்த அட்டைக் குழாயை மெல்லத் தடவினார்.

“அடி ஒண்ணும் படலீல்ல?”

மறு கை மேடையை விடவில்லை. செம்மேட்டில் பஸ் ஏறியபோது என்னிடம் ராக்கெட் மட்டும்தான் இருந்தது.